சலரிக்குள் இருக்கும் உப்பு

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் திரும்பும்போது, ஆனையிறவு உப்பளத்தின் வெள்ளைக் குவியல்களைப் பேருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு வந்த என் மருமகள், "மாமா, ரோமச் சிப்பாய்களுக்கு உப்பைத்தானாம் சம்பளமாக் குடுத்தவை, அதாலதான் இங்கிலிஷில 'சலரி' எண்டு பேர் வந்ததாம்" என்றாள். நானும் பல ஆண்டுகள் நம்பிய கதை அது.

சொல்லின் வேரில் ஐயமில்லை. இலத்தீனில் உப்புக்குச் 'சால்' என்று பெயர். உப்பைச் சார்ந்தது எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த 'சலாரியும்' (salarium) என்ற சொல், ரோமப் பேரரசுக் காலத்தில் அலுவலருக்கு வழங்கப்பட்ட படியைக் குறித்து, பின்னர் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்றது. ஆனால் சிப்பாய்களுக்கு உப்பையே அளந்து கொடுத்தார்கள் என்று பழைய ரோம நூல் எதுவும் சொல்லவில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினி, தமது 'இயற்கை வரலாறு' நூலின் 31ஆம் பகுதியில், படைப்பணியோடும் பதவிச் சிறப்போடும் உப்புக்கு உள்ள தொடர்பிலிருந்து 'சலாரியும்' என்ற பெயர் வந்ததாகக் குறிப்பிடுகிறாரே தவிர, அந்தத் தொடர்பு எத்தகையது என்று விளக்கவில்லை. உப்பு வாங்கக் கொடுத்த பணம் என்பதும் பின்வந்தோரின் ஊகமே. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சிப்பாய்க்கு ஆண்டு ஊதியம் 225 தெனாரியஸ், அதாவது வெள்ளி நாணயம். அந்த ஊதியத்தின் பெயரோ 'ஸ்திபெந்தியும்' (stipendium); 'சலாரியும்' அன்று.

நம்முடைய 'சம்பளம்' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு விளக்கம் உண்டு. சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுக்கப்பட்டதால் அது சம்பளமாயிற்று என்று அம்மம்மா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். உப்பு வணிகரான உமணர் உப்பைக் கொடுத்து நெல்லை மாற்றிய செய்தி சங்கப் பாடல்களில் இருப்பதால், கதை நம்பும்படியாகவே இருக்கிறது. ஆயினும் மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே சொல் ஊதியத்தைக் குறிக்கிறது. வடமொழியில் 'சம்பல' என்பது வழிப்பயணத்துக்கான உணவு. இவற்றை ஒதுக்கிவிட்டு, ஓசை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒரு சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பது எனக்கு ஒப்பவில்லை.

உப்பிட்டது என்ற பொருளில் 'சலட்', 'சோஸ்' இரண்டும் அதே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை என்றபோது மருமகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. இயக்கச்சி தாண்டியதும், "அப்ப உப்புக்கு இங்கிலிஷில சொல்லுற 'சோல்ட்' எண்டதும் இலத்தீன்தானே?" என்றாள். இல்லை, அது ஜெர்மானிய வழியில் ஆங்கிலம் தொடக்கத்திலிருந்தே வைத்திருக்கும் சொந்தச் சொல், இலத்தீன் 'சாலு'க்கு மகளன்று, சகோதரி.