கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் பாய்ச்சல்: இதுவரை கைக்கு வந்தது

மற்ற மீன்கொத்திகள் கிளையிலிருந்து சட்டென்று பாய்ந்துவிடும். இது தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, தலை அசையாமல் மீனைப் பார்த்த பிறகே விழும். பாயும் பறவையைப் படமெடுக்கக் கை பழக இதைவிட நல்ல பறவை கிடையாது.

அந்தரத்தில் அது நிற்பது காற்றை எதிர்த்து. ஆகவே காற்று நம் முதுகில் பட்டால்தான் அதன் முகம் கிடைக்கும். வாடை வீசும் மாதங்களில் கிழக்குக் கரையில் நின்றால் காற்று, காலை வெயில் இரண்டுமே முதுகுப் பக்கம். கிழக்கே சரியும் நிலத்தில் ஏரிக்கரையும் பெரும்பாலும் கிழக்கில்தான் இருக்கும், அது ஒரு வசதி. கரை மேலே நிற்காமல் நீரோரம் இறங்கி உட்கார வேண்டும். எதிர்க்கரையில் எடுத்ததெல்லாம் வால்பக்கமும் நிழலுருவமும்தான்.

கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சிறிய சென்சார்) கேமரா, 400 எம்எம் லென்ஸ், அதன் துளை எஃப் 5.6. ஷட்டர் 1/1000 நொடியில் உடல் தெளிவு, இறக்கை நுனி குழைவு, 1/2500இல் சரியானது. எக்ஸ்போஷரை (படத்துக்கான ஒளி அளவை) கேமராவிடம் விட்டால் கருத்த தண்ணீரைப் பார்த்து ஏமாந்து வெள்ளை நெஞ்சை வெளுத்துவிடுகிறது. அதே வெயிலில் நிற்கும் கொக்கை எடுத்துப் பார்த்து, இறகு வரி தெரியும் அளவில் மேனுவலில் பூட்டிவிட்டால் தொல்லை இல்லை. கண் கருப்புப் பட்டைக்குள் இருப்பதால் வெயில் நேராக விழாவிட்டால் கண்ணே தெரியாது.

அதிகம் வீணானது பஃபரில், அதாவது எடுத்த படங்கள் கார்டில் பதியும்வரை தங்கும் கேமரா நினைவகத்தில். பறவை நின்றதுமே பட்டனை அழுத்திப் பிடித்தால், விழும் நேரத்தில் கேமரா திணறி நிற்கும். நிற்கும்போது இரண்டிரண்டு படம் போதும். இறக்கை மடங்கி அலகு கீழே திரும்பும், அதுதான் சைகை. ஆனால் பாதி விழுந்து மறுபடி நின்றுவிடும் பழக்கமும் இதற்கு உண்டு. விரல் அங்கேதான் ஏமாறுகிறது.

20 மீட்டர் தூரத்தில் செங்குத்துச் சட்டம் சுமார் 1.2 மீட்டர் உயரத்தைத்தான் பிடிக்கிறது. பாய்ச்சலைத் தொடர்ந்து போனால் வெறும் தண்ணீர். இப்போது பலன் தரும் வழி: கேமராவின் பின்பக்கப் பட்டனில் ஃபோகஸ் பிடித்து, இறக்கை மடங்கியதும் அதிலிருந்து விரலை எடுத்து ஃபோகஸை அப்படியே நிறுத்திவிட்டு, கேமராவை நேர் கீழே நீர்மட்டத்துக்கு இறக்கிக் காத்திருப்பது. நேர்குத்தாக விழுவதால் தூரம் பெரிதாக மாறாது. ஃபோகஸ் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம்) அரை மீட்டர் இருக்கிறது. விழும் படம் போகும், மீனோடு எழும் படம் கிடைக்கும்.

வெயில் ஏறியபின் படம் மொத்தமும் மங்கினால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம், அது நீர்மேல் அலையும் அனல்.