மீன்கொத்தியின் இறகு

காலையில் துணி உலர்த்த வேளச்சேரி வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியருகே மீன்கொத்தியின் இறகு ஒன்று கிடந்தது.

அப்படியொரு நீலம்!

எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். நீலம் காணாமல் போய் வெறும் பழுப்பு. கையை இறக்கினால் மறுபடியும் நீலம்.

அதில் நீலச் சாயம் துளிகூடக் கிடையாது. நம் நகத்தில் இருப்பதைப் போன்ற கெரட்டின் என்ற புரதம்தான். அதற்குள் இருக்கும் நுண்துளைகள் நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகின்றன.

மதில் மேல் படர்ந்த சங்குப்பூவின் நீலம் வேறு. அது நிறமி; எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகிவிடும்.

நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், பறவை இறகின் நிறங்களைப் பற்றி 1934இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அவரையும் இப்படி ஓர் இறகுதான் இழுத்திருக்கும்.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும், வெயில் இறங்குவதற்குள், மாடிக்குக் கூட்டிப்போக வேண்டும்.