மாமாவின் சான்ட்ரோவில் ஐபாட்

ஜூன் 2, 2024, ஞாயிறு

மாமனாரின் சான்ட்ரோ கார் 2004இல் வாங்கியது. அப்போது போட்டுக்கொடுத்த கேசட் டெக்தான் இன்னும் அதில் இருக்கிறது. சிடி கிடையாது, யுஎஸ்பி கிடையாது, வெளியிலிருந்து வயரில் பாட்டுக் கொடுக்க ஆக்ஸ் ஓட்டையும் கிடையாது. ரேடியோவும் கேசட்டும் மட்டும். கேசட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று காய்கறி வாங்கப் போகும்போது டி.எம்.எஸ். குரல் தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல இழுத்துக்கொண்டே போனது.

"மாப்ளே, உங்ககிட்ட ஒரு பாட்டு டப்பா இருக்குமே, அதை இதுல மாட்ட முடியாதா?"

டப்பா என்பது என் ஆப்பிள் ஐபாட் கிளாசிக், 160 ஜிபி. இந்த ரகத்தை 2014இல் நிறுத்திவிட்டார்கள். ஐபாட் என்ற வரிசைக்கே 2022 மே மாதம் மூடுவிழா நடந்தது. என்னுடையது போன வருடம் பேட்டரி மாற்றியபிறகு நன்றாகவே ஓடுகிறது. மாமா கேட்கும் எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன், சீர்காழி எல்லாம் அதில் இருக்கிறது. பௌர்ணமிக்கு அவர் திருவண்ணாமலை கிளம்புவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

போனிலேயே பாட்டுக் கேட்கலாமே என்று என் மனைவி சொன்னாள். போன் மணி அடித்தால் பாட்டு நின்றுவிடும். மாமாவுக்கு அது பிடிக்காது, எனக்கும்தான்.

ஜூன் 8, சனி

எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வந்துவிட்டது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, ஐபாட்டின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயரை அதற்குக் கொடுத்தால், அது குட்டி ரேடியோ நிலையம்போல ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைக்க வேண்டியதுதான். வேலை அவ்வளவு சுலபம், அதனால்தான் இதை முதலில் வாங்கினேன்.

சென்னையில் காலி இடம் எங்கே இருக்கிறது? 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 102.3, 106.4 என்று வரிசையாகக் கடை விரித்திருக்கிறார்கள். 90.4இல் அண்ணா பல்கலைக்கழகம், 107.8இல் கல்லூரி ரேடியோ. இவை எல்லாம் கோபுரத்திலிருந்து வருபவை. நம்முடையதன் சக்தி ஒரு அறையைத் தாண்டாது. அது போதாதென்று, காரின் ஆன்டெனா வெளியே, டிரான்ஸ்மிட்டர் உள்ளே, நடுவில் இரும்புக் கூரை. இரண்டு நிலையங்களுக்கு இடையில் காலியாகத் தெரியும் எண்ணில் வைத்தாலும் பக்கத்து நிலையம் எல்லை தாண்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கடைசியில் 87.5க்கு வந்து நின்றேன். நங்கநல்லூர் தெருக்களுக்குள் பரவாயில்லை. சைதாப்பேட்டை சிக்னலில் நிற்கும்போது திடீரென்று சீர்காழி போய், குத்துப்பாட்டு ஒன்று நல்ல சத்தத்தில் வந்தது. இடது பக்கம் ஒரு கால் டாக்சி. அவரும் இதே மாதிரி டப்பாவை 87.5இல் வைத்திருக்கிறார் போல. பச்சை விழுந்து அவர் முந்திப் போனதும் சீர்காழி திரும்பி வந்தார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நன்றாகப் பிடிக்கும்போதுகூட எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றும் வராது. வயலின் கொஞ்சம் மழுங்கித்தான் கேட்கும். நெடுஞ்சாலையில் மட்டும் போகிறவர்களுக்கு இது போதும். ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஜூன் 12, புதன்

அலுவலகத்திலிருந்து கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு. அங்கே ஒரு கடையில் டெக்கின் போட்டோவைக் காட்டினேன்.

"சார், இதைக் கழட்டிப் போட்டுட்டு ஒன்பது இன்ச் ஆண்ட்ராய்டு போட்டுரலாம். ரிவர்ஸ் கேமராவும் சேர்த்து."

"பெரியவர் வண்டி அண்ணே. அவர் கை அந்தக் குமிழுக்குப் பழகிடுச்சு."

"அப்ப அடிச்ச ஆணியாவே இருக்கட்டும்" என்று சிரித்துவிட்டு, பழைய வழி ஒன்றைச் சொன்னார்: டெக்கைப் பிரித்து, வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் இடத்தில் இரண்டு வயரைப் பற்றவைத்து வெளியே ஒரு 3.5 மி.மீ. ஜாக் கொண்டுவந்துவிடலாம். பழைய செட்டுகளுக்கு ஆக்ஸ் கொடுக்க மெக்கானிக்குகள் செய்யும் வேலை அது. ஒலித்தரத்தில் இதை அடிக்க எதுவும் இல்லை என்பது என் கருத்தும்கூட. ஆனால் ஐபாட் பாடும்போது ரேடியோவின் ஒலி குறுக்கே வராமல் இருக்க ஒரு சுவிட்சும் சேர்க்க வேண்டும். இருபது வருட சர்க்யூட் பலகையில் யார் சூடு வைப்பது? மாமா சம்மதிக்கமாட்டார்.

வரும் வழியில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளின் ரிச்சி ஸ்ட்ரீட். சந்துக்குள் ஒருவர் பெட்டியைக் கிளறி கேசட் அடாப்டர் ஒன்றை எடுத்துக்கொடுத்தார். விலை 350 ரூபாய். பேரம் பேசத் தோன்றவில்லை.

ஜூன் 15, சனி

அடாப்டர் பார்க்கக் கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே நாடா கிடையாது. நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட் வந்து தொடும் இடத்தில் அடாப்டருக்கு ஒரு குட்டி ஹெட். ஐபாட்டின் சிக்னல் அதன் சுருளுக்குள் போய்க் காந்தப்புலமாக மாறுகிறது. டெக்கின் ஹெட்டுக்கு நாடாவிலிருந்து வருகிறதா, இங்கிருந்து வருகிறதா என்று தெரியாது, வந்ததைப் பாடிவிடும். நாடாவே இல்லாததால் மோட்டார் தளர்ந்தாலும் குரல் இழுக்காது. டி.எம்.எஸ். பிழைத்தார்.

ஆனால் முதல் முறை போட்டதும் டெக் டக் என்று பக்கம் மாற்றியது. மறுபடியும் டக். மறுபடியும் டக். அப்புறம் கேசட்டை வெளியே துப்பிவிட்டது. தானாகப் பக்கம் மாற்றும் ஆட்டோ ரிவர்ஸ் டெக்குகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு: சக்கரம் சுற்றாவிட்டால் நாடா முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். அதை ஏமாற்றத்தான் அடாப்டருக்குள் பற்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். ஐந்து திருகாணியைக் கழற்றிப் பார்த்தால், நடுச்சக்கரம் இறுகிப்போய் இருந்தது. தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு அச்சில் மட்டும் வைத்தேன். ஹெட்டில் பட்டுவிடாமல் இருக்கக் கை நடுங்கியது. மூடி உள்ளே தள்ளினேன். சுற்ற ஆரம்பித்தது.

டெக்கின் ஹெட்டையும் காது பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு காப்பிப்பொடி நிறத்தில் வந்தது, இருபது வருட நாடாத் துகள். இதைச் செய்யாமல் அடாப்டர் சரியில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். டால்பி பொத்தானையும் அணைக்க வேண்டும். அது நாடாவின் இரைச்சலைக் குறைக்க வந்தது, இங்கே நாடா இல்லை. போட்டுவைத்தால் ஜால்ரா சத்தம் போர்வைக்குள் போய்விடும்.

இப்போது பாட்டு வருகிறது. எஃப்எம்மைவிட எவ்வளவோ மேல். காதைக் கூர்மையாக்கினால் பற்சக்கரத்தின் கரகர கேட்கும். என்ஜின் ஓடினால் அதுவும் கேட்காது.

ஜூன் 16, ஞாயிறு

என்ஜின் ஓடினால் வேறொன்று கேட்கிறது. "கொய்ங்ங்" என்று மெல்லிய ஊளை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம்.

ஐபாட்டின் சார்ஜரை லைட்டர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கினேன், ஊளை நின்றது. செருகினேன், வந்தது. காரணம் அநேகமாக இதுதான்: ஐபாட்டுக்கு எர்த் இரண்டு வழியாகப் போகிறது, ஒன்று சார்ஜர் வழி, இன்னொன்று பாட்டு வயரும் ஒன்றையொன்று தொடும் ஹெட்டுகளின் உலோகமும் வழி. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதற்குள் புகுந்து பாட்டோடு கலக்கிறது. இதற்கு ஐசோலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்; வயரை நேராக இணைக்காமல் சிக்னலை மட்டும் தாண்டவிடும். மலிவானதில் தபேலாவின் அடிநாதம் கொஞ்சம் குறையும் என்பதுதான் குறை.

யோசித்துப் பார்த்தால் சார்ஜரே எதற்கு? இந்த மாடலுக்கு 36 மணி நேரம் வரை பாடும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதில் பாதி கிடைத்தாலும் திருவண்ணாமலை போய்த் திரும்பிவிடலாம். இரவு வீட்டில் சார்ஜ், காரில் வெறும் பாட்டு வயர். தீர்ந்தது.

இன்னொரு மாற்றமும் செய்தேன். இயர்போன் துளைக்குப் பதில், அடியில் உள்ள 30 பின் கனெக்டரிலிருந்து லைன் அவுட் எடுக்கும் வயரைப் போட்டேன். அதில் ஐபாட்டின் வால்யூம் வேலை செய்யாது, ஒரே அளவில் வரும். ஏற்றவும் குறைக்கவும் காரின் குமிழ் மட்டும்தான். மாமாவுக்கு வேண்டியதும் அதுதான்.

ஜூன் 22, சனி

நேற்று பௌர்ணமி. மாமாவும் நானும் மத்தியானமே கிளம்பினோம். ஜிஎஸ்டி ரோடு, செங்கல்பட்டு, திண்டிவனம், அங்கிருந்து செஞ்சி வழியாக. திண்டிவனத்தில் டீ. செஞ்சிக் கோட்டை கண்ணில் படும்வரை எம்.எஸ்.வி. ஒரு இடத்திலும் அறுபடவில்லை. ஐபாட்டுக்குள் இருப்பது ஹார்டு டிஸ்க், குலுங்கினால் நிற்குமோ என்று நினைத்தேன். அது பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு டிஸ்க்கை நிறுத்திவிடுவதால் வேகத்தடைகள் ஒன்றும் செய்யவில்லை.

கிரிவலம் முடித்துக் காலையில் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். மாமா தூங்குவார் என்று பார்த்தால், ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதென்ன மாப்ளே, அடுத்து என்ன வரும்னே தெரியலையே? இதுக்கு அப்புறம் சுசீலா பாட்டு வரணும்."

ஷஃபிளில் போட்டிருந்தேன். அவருக்கு வேண்டியது அவருடைய கேசட்டில் இருந்த வரிசை.

ஜூன் 23, ஞாயிறு

மாமாவின் கேசட் பெட்டியைக் கூடத்தில் கொட்டி, ஒவ்வொரு அட்டையிலும் அவர் பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்துப் பிளேலிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். "அ பக்கம்", "ஆ பக்கம்" என்று தனித்தனியாக. மழையில் நனைந்து எழுத்து அழிந்த அட்டைகளுக்கு அவரே வரிசை சொல்கிறார், யோசிக்காமல். பாதி முடிந்தது. மீதி அடுத்த வாரம்.