மிளகு தடம் பழகுகிறாள்

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒன்பது வாரக் குட்டி. கம்பிபோல் மயிர் நிற்கும் டாக்ஸ்ஹுண்ட் என்ற வேட்டை நாய் இனம். கால் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது; மற்றதெல்லாம் மூக்கு. அவள் வந்த மறுநாளே எங்கள் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மான் ஈரலும், பாட்டிலில் மான் இரத்தமும், சுருட்டிக் கட்டிய தோல் துண்டு ஒன்றும் குடியேறின. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தேன். ஐஸ்கிரீம் டப்பா பக்கத்து வீட்டு ஃப்ரீசருக்குப் போயிருந்தது.

உரிமம் வாங்கி வேட்டையாடுகிற எல்லாருக்கும் ஒரு கெட்ட இரவு இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தி நேரத்தில் சுட்டேன். மான் துள்ளிப் புதருக்குள் மறைந்தது. ஓர் இலையில் ஒரு சொட்டு, ஐந்தடி தள்ளி இன்னொன்று, அப்புறம் ஒன்றுமே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் மூன்று மணி நேரம் தவழாத குறையாகத் தேடினேன். மூன்றாம் நாள் காக்கைகள்தான் காட்டிக்கொடுத்தன. நான் கைவிட்டுத் திரும்பிய இடத்துக்கும் மான் கிடந்த இடத்துக்கும் எண்பது அடிகூட இராது. அடிபட்ட மானை மோப்பம் பிடித்துத் தேட ஒரு நாய் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்ததுதான் மிளகு.

முதல் பாடம் மிகச் சுலபம். ஈரலைக் கயிற்றில் கட்டிப் புல்லின் மேல் இருபது அடி இழுத்துச் சென்று, முடிவில் தோல் துண்டைப் போட்டு வைப்பது. குட்டியைத் தொடக்கத்தில் இறக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மிளகு ஒரு நிமிடத்தில் தோலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடத்துக்கு மேல் இல்லை. குட்டிக்கு அலுப்புத் தட்டும் முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு ஈரலுக்குப் பதில் இரத்தச் சொட்டுகள். ஐம்பது மீட்டர், நூறு மீட்டர். அரை மணி ஊறிய தடம், இரண்டு மணி ஊறிய தடம். ஒரு வளைவு, இரண்டு வளைவு. நீளம், பழமை, வளைவு என்ற மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். நான் பேராசையில் மூன்றையும் சேர்த்துக் கூட்டிய ஒரு காலையில், மிளகு பாதி வழியில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டாள்.

பதினான்காவது வாரத்தில் என் கெட்டிக்காரத்தனம் அம்பலமானது. தடம் போட்டுக்கொண்டிருந்தபோது இயற்கை உபாதைக்காக ஒரு மரத்தடிக்கு ஒதுங்கிவிட்டு வந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மிளகை விட்டால், சொட்டுச் சொட்டாக நான் விட்ட இரத்தத்தைச் சட்டை செய்யாமல், நேராக அந்த மரத்தடிக்குப் போய் வாலை ஆட்டுகிறாள். மான் அந்தப் பக்கம் போகவே இல்லை. போனவன் நான். ஆக, இத்தனை வாரமும் அவள் பழகியது மானின் தடத்தை அல்ல, என் செருப்பின் தடத்தை.

இதற்கு மருந்து, வேறு ஒருவரைத் தடம் போடச் சொல்வது. அதோடு, அடியில் மான் குளம்பைப் பொருத்திக்கொள்ளும்படி செய்த காலணியும் உண்டு. குளம்பின் பிளவுக்கு நடுவே மானுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அதன் வாடை மண்ணில் ஒட்டுகிறது. இரத்தம் நின்ற பிறகும் நாய் தொடர்ந்து போகிறதே, அது பெரும்பாலும் இந்த வாடையையும் மிதிபட்ட செடியின் வாடையையும் பிடித்துத்தான். எந்த மானின் இரத்தமோ அதே மானின் குளம்பு இருந்தால் இன்னும் நல்லது. ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இந்த இரத்தத்தை இரத்தம் என்றே சொல்வதில்லை. வியர்வை என்று பொருள்படும் 'ஷ்வைஸ்' என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே நாய்களுக்கு வைக்கும் தேர்வில் குறைந்தது 1000 மீட்டர் தடத்துக்குக் கால் லிட்டர் இரத்தம்தான் கணக்கு. போட்ட தடம் 20 மணி நேரம் கிடந்து ஊற வேண்டும். ஒரு டம்ளர் இரத்தத்தில் ஒரு கிலோமீட்டர்! நான் முதல் மாதத்தில் ஐம்பது மீட்டருக்கே அரை பாட்டிலைக் காலி செய்துகொண்டிருந்தேன்.

தடம் போட ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டார். பல வருடமாக ஹனோவர் இன மோப்ப நாய்கள் வைத்திருப்பவர். தடம் எங்கே திரும்புகிறது என்று எனக்குச் சொல்லவே மாட்டார். அதுவரை நான் திருப்பங்களில் எல்லாம் துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டி அடையாளம் வைத்து, அது வந்ததும் என்னை அறியாமல் அவளைக் கட்டிய வாரைத் தளர்த்தி, மிளகுக்கு விடை சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். இப்போது கிளிப் இல்லை. முதல் திருப்பத்தில் மிளகு நாலு மீட்டர் தாண்டிப் போனாள். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்புபோல் 'புஸ் புஸ்' என்று வந்துகொண்டிருந்த மூச்சுச் சத்தம் நின்றது. தலையைத் தூக்கினாள். அரை வட்டம் அடித்தாள். இடப்பக்கம் ஒரு பெரணிப் புதரில் மூக்கை நுழைத்தாள்; சத்தம் மறுபடி தொடங்கியது. எனக்கோ வலப்பக்கம் தரை மிதிபட்டதுபோல் தெரிந்தது. வாரை இழுத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலப்பக்கமே மூக்கைத் தரையில் வைத்து நடக்க ஆரம்பித்தாள். ஆனால் பம்புச் சத்தம் இல்லை. எனக்காக நடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த பெரியவர் இருபது மீட்டர் வரை பொறுத்தார். "நாயின் மூக்கை நம்ப முடியவில்லை என்றால் அதை ஏன் காட்டுக்கு அழைத்து வருகிறீர்கள்? நீங்களே மோந்துகொண்டு போங்கள்" என்றார். கோபமாக அல்ல, யோசனை சொல்வதுபோல்.

அதன் பிறகு ஒரு மாதம் நான் பழகியதெல்லாம் பத்து மீட்டர் வாரைக் கையில் வழுக்கவிடுவதும், நிற்கத் தெரிவதும்தான். நாய் யோசிக்கும்போது நிற்க வேண்டும். சொல்வதற்கு எளிது, கை கேட்பதில்லை.

எட்டாவது மாதத்தில் உண்மையான அழைப்பு வந்தது. முந்தின நாள் இருட்டும் நேரத்தில் சுட்டவர், மான் முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போனது என்றார். சுட்ட இடத்தில் பச்சை கலந்த பழுப்பு நீர், அரைத்த புல்போல் துணுக்குகள். வயிற்றில் பட்டிருக்கிறது. நுரையீரலில் பட்டிருந்தால் நுரை கலந்த வெளிர்சிவப்பாக இருந்திருக்கும். மானும் அருகிலேயே விழுந்திருக்கும். வயிற்றில் பட்டது பல மணி நேரம் உயிரோடு படுத்திருக்கும்; அவசரப்பட்டுப் பின்னால் போனால் எழுந்து வெகுதூரம் போய்விடும். காலைவரை யாரும் உள்ளே போகவில்லை என்று உறுதி சொன்னார். சொன்ன அந்த வாய்மேல் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். புதருக்குள் அவருடைய காலணித் தடத்தைப் பார்த்தேன்.

மிளகு முந்நூறு மீட்டர் ஒரே சீராகப் போனாள். மான் படுத்து எழுந்த இடம்: அமுங்கிய சருகு, நடுவில் உறைந்து கறுத்த இரத்தம். இன்னும் கொஞ்ச தூரத்தில் முன்னால் கிளை முறிந்தது. மான் எழுந்து ஓடியது. மிளகு குரல் கொடுத்துக்கொண்டு பாய்ந்தாள். எனக்கும் வாரை விட்டுவிடத் தோன்றியது. விடவில்லை. அடிபட்ட மானை மடக்கி நிறுத்துவது எட்டு மாதக் குட்டியின் வேலை அல்ல. ஓர் உதை போதும், பிறகு அவள் எந்தத் தடத்திலும் கால் வைக்க மாட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு, கடைசிச் சொட்டு இருந்த இடத்தில் கைக்குட்டையைக் கட்டிவிட்டு, பெரியவரை அழைத்தேன். அவர் சில மணி நேரம் பொறுத்திருந்துதான் தன் கிழட்டு நாயை இறக்கினார். பிற்பகல் ஒரு சுடும் சத்தம் கேட்டது, பிறகு விசில்.

மிளகை மானிடம் கொண்டுபோய் விட்டேன். காயத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பின்னங்காலுக்குப் போய், குளம்பின் பிளவுக்குள் மூக்கை நுழைத்து, அதே பம்புச் சத்தத்தோடு வெகுநேரம் மோந்துகொண்டிருந்தாள்.