எலியின் இரைப்பையைத் திறந்து பார்க்கும்போது

எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. உள்ளே போனதை வெளியே தள்ளும் வசதி அதன் உடலில் இல்லை. இரைப்பைப் புண் ஆய்வில் வேலைக்குச் சேர்ந்தபோது என் மனத்தில் முதலில் பதிந்த செய்தி இதுதான். குழாய் வழியாக நாம் எதைச் செலுத்தினாலும் அந்த உயிர் அதை முழுவதுமாகத் தாங்கியே தீர வேண்டும். அதனால் செலுத்துகிறவரின் கை பதறக் கூடாது. எதற்காகச் செலுத்துகிறோம் என்பதிலும் குழப்பம் இருக்கக் கூடாது.

எங்கள் குழு சோதித்தவை பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டைச் சங்கிலிகள். புரதத்தையே செரித்துவிடும் இரைப்பைக்குள் ஒரு பெப்டைடை அனுப்பி, அது அந்தச் சுவரைக் காக்கும் என்று எதிர்பார்ப்பது முதலில் விந்தையாகத்தான் இருந்தது. ஆனால் இரைப்பை தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டிலேயே இத்தகைய மூலக்கூறுகள் உண்டு. சளியோடு சேர்ந்து சுரக்கும் ட்ரெஃபாயில் பெப்டைடுகள், டைசல்ஃபைடு என்ற கந்தகப் பிணைப்புகளால் மூன்று மடிப்புகளாக இறுக்கிக் கட்டப்பட்டவை. அந்த இறுக்கத்தால்தான் செரிமான நொதிகளுக்கு அவை எளிதில் இரையாவதில்லை. சுவரில் கீறல் விழுந்தால், ஓரத்துச் செல்கள் நகர்ந்து வந்து வெற்றிடத்தை மூட அவை துணை செய்கின்றன. உமிழ்நீரில் வரும் மேற்தோல் வளர்ச்சிக் காரணி இன்னொன்று. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் அகற்றப்பட்ட எலிகளில் வயிற்றுப்புண் ஆறத் தாமதமாகிறது.

சோதனையின் நடைமுறையைச் சொல்கிறேன். முந்தைய நாளே எலிகளுக்கு உணவை நிறுத்துவோம், தண்ணீர் உண்டு. கூண்டின் அடியில் கம்பிவலை போட வேண்டும், இல்லையென்றால் பசியில் தம் எச்சத்தையே தின்றுவிடும், வயிறு காலியாக இருக்காது. சில எலிகளுக்குப் பெப்டைடு, சிலவற்றுக்கு வெறும் கரைப்பான், சிலவற்றுக்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து. பிறகு எல்லாவற்றுக்கும் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும் எத்தனால், அதாவது ஆல்கஹால். ஒரு மணி நேரம் கழித்துக் கருணைக்கொலை. இரைப்பையை எடுத்து, பெருவளைவை ஒட்டி வெட்டித் திறந்து, சலைன் என்ற உப்புக் கரைசலில் அலசி, பலகையில் விரித்து ஊசி குத்துவோம்.

விரித்த இரைப்பையில் இரண்டு பகுதிகள் தெளிவாகத் தெரியும். மேலே வெளுத்து மெலிந்த முன்னிரைப்பை. மனிதருக்கு அது கிடையாது. கீழே தடித்த, மடிப்புகள் ஓடும் சுரப்பிப் பகுதி. எத்தனால் மட்டும் பெற்ற எலியில் அந்த மடிப்புகளின் முகட்டில் கருஞ்சிவப்புப் பட்டைகள் நீள நீளமாக ஓடும். ஒவ்வொன்றையும் மில்லிமீட்டரில் அளந்து கூட்டினால் புண் குறியீடு. நல்ல பெப்டைடு கிடைத்த எலியிலோ சுவர் இளஞ்சிவப்பாக, சளி மினுங்க இருக்கும். அதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை எனக்கு மறைக்கத் தெரியாது.

அந்த மகிழ்ச்சியிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டு பட்டைகள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா? இந்தச் சிவப்புப் புள்ளி அரிப்பா, வெறும் இரத்தக் கசிவா? இது எந்தக் குழுவின் எலி என்று தெரிந்துவிட்டால், நேர்மையான கண்ணும் ஒரு பக்கம் சாயும். எங்கள் மூத்த ஆய்வாளர் இதில் மிகக் கண்டிப்பானவர். பலகைகளில் குறியீட்டு எண்ணைத் தவிர வேறு எதையும் எழுத விடமாட்டார். "அளவை மட்டும் சொல்லுங்கள், குழுவைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்" என்பார். நானும் இன்று புதிதாக வருகிறவர்களிடம் அதையே சொல்கிறேன்.

கண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. 1979இல் ஆந்த்ரே ராபர்ட் குழுவினர், உடலே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள், அமிலச் சுரப்பைக் குறைக்காத அளவிலேயே எலியின் இரைப்பையைத் தூய எத்தனாலிலிருந்தும் கொதிநீரிலிருந்தும்கூடக் காப்பதைக் காட்டினார்கள். பெப்டைடு ஆய்வுகளுக்கும் அந்தச் சிந்தனையே அடித்தளம். 1983இல் அவர்கள் காட்டிய இன்னொன்றை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்: மிதமான எரிச்சலூட்டிகளை முன்கூட்டியே கொடுத்தாலும் இரைப்பை விழித்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். நீர்த்த எத்தனாலே அதற்குப் போதும். அப்படியானால் என் பெப்டைடுக் கரைசலில் அமிலத்தன்மை சற்றுக் கூடுதலாக இருந்து, அதனால் புண் குறைந்திருக்கலாமே? எத்தனாலுக்குச் சற்று முன்பு கொடுத்த திரவம் அதை நீர்க்கச் செய்திருக்கவும் கூடும். அதனால்தான் கரைப்பானின் அளவும் அமிலத்தன்மையும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும், பெப்டைடை இரைப்பைக்குள் விடாமல் ஊசி வழியாகவும் ஒருமுறை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடிக்கிறேன்.

எத்தனால் ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது பெரும்பாலும் மேலோட்டமான அரிப்பு. மனிதரின் வயிற்றுப்புண்ணுக்குப் பெரும் காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் வலி மாத்திரைகளும். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்கே பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பெற்றார்கள். வலி மாத்திரைப் புண்ணுக்கு, இண்டோமெதசின் என்ற வலிநிவாரணியைக் கொடுத்துச் செய்யும் சோதனை சற்று நெருங்கி வருகிறது. கிருமியால் வரும் புண்ணைப் பற்றி எங்கள் பலகையில் விரித்த இரைப்பை எதையும் சொல்வதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பி.பி.சி.-157 என்ற 15 அமினோ அமிலப் பெப்டைடைப் பற்றி விசாரிக்காத நண்பர்களே இல்லை. அதைப் பற்றிய விலங்கு ஆய்வுகளில் பெரும்பகுதி குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரக் குழு ஒன்றிடமிருந்து வந்தவை. முடிவுகள் ஆர்வமூட்டுபவை, மறுக்கவில்லை. ஆனால் மனிதரில் நடந்த சோதனைகள் மிகச் சொற்பம். 2022 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் அது இருக்கிறது. அப்படியிருந்தும் இணையத்தில் குப்பி குப்பியாக விற்கிறார்கள். எலிகள் உயிரைக் கொடுத்துப் பெற்றுத் தந்தது பாதி விடை. அதை முழு விடை என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று 1959இலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. முடிவு எதையும் சொல்ல முடியாத அளவுக்குச் சில எலிகளை மட்டும் வைத்துச் செய்தால், அந்தச் சில எலிகளும் வீணாகவே சாகின்றன. நெறிமுறைக் குழுவின் முன் இதை விளக்குவது சங்கடமான வேலை; ஆனாலும் விளக்கியே ஆக வேண்டும்.

இப்போது எங்கள் திட்ட வரைவுகளில் காப்பது ஒரு கேள்வி, ஆற்றுவது வேறு கேள்வி என்று தனித்தனியாக எழுதுகிறோம். இரண்டாவதற்கு அசிட்டிக் அமிலத்தால் ஆழமான புண் உண்டாக்கி, அது உருவான பிறகுதான் பெப்டைடைத் தொடங்குகிறோம். அந்தப் புண் மருந்தில்லாமலும் மெல்ல ஆறத் தொடங்கும். ஆகவே எந்த நாளில் இரைப்பையைத் திறந்து பார்ப்பது என்பதை முதல் எலிக்கு மருந்து கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறோம்.