பிரேக் பட்டனும் கேம்பிரிட்ஜ் பஸ்ஸும்

ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து ரயிலில் எங்கேயாவது போக நினைத்திருந்தால், தயவுசெய்து முந்தின நாளே தண்டவாள வேலை நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கேம்பிரிட்ஜில் இருக்கும் பழைய கணினி அருங்காட்சியகத்துக்குக் கிளம்பிய நான் பார்க்கவில்லை. ரயிலுக்கு டிக்கெட் எடுத்து, கடைசிப் பகுதியை பஸ்ஸில் போனேன்.

கிங்ஸ் கிராஸிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு வேக ரயில் என்றால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். எங்களை ராய்ஸ்டனில் இறக்கிவிட்டு, 'மாற்றுப் பேருந்து' என்று ஒன்றில் ஏற்றினார்கள். வெளியே வெயில். உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, ஜன்னல் திறக்காது. ஓட்டுநருக்குப் பாதை பழக்கமில்லை போல. ஒரு ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றிவிட்டு, முன் சீட்டுப் பாட்டியிடம் வழி கேட்டார். நம்மூர் மினி பஸ்ஸில் இப்படி நடந்திருந்தால் பின் சீட்டிலிருந்து ஒரு குரலாவது வந்திருக்கும். இங்கே எல்லாரும் மௌனமாக ஜன்னலைப் பார்த்தார்கள். கட்டணத்தில் ஒரு பென்னி குறைப்பு? கிடையாது.

கூட வந்தது அண்ணன் மகன், பதினைந்து வயது. "சித்தப்பா, பழைய கம்ப்யூட்டர் பாக்க யாராவது இவ்ளோ தூரம் போவாங்களா?" என்று பஸ்ஸில் நாலு தடவை கேட்டுவிட்டான்.

போவார்கள். ஏன் என்று சொல்ல 1987க்குப் போக வேண்டும்.

அப்போது நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிகளுக்குக் கணினி கொடுக்க மத்திய அரசு 1984இல் 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்திருந்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த இயந்திரம் இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ. எங்கள் பள்ளிக்கும் இரண்டு வந்தன. ஏசி போட்ட தனி அறை, ஜன்னலுக்குத் திரை, கணினிக்கு வெல்வெட் துணி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். நாற்பது பேர் கையைக் கட்டி நிற்போம். தட்டுவது கணக்கு சார் மட்டும். ஒரு நாள் சார் ஏதோ புத்தகத்தைப் பார்த்து அரை மணி நேரமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கிட்டப் போய் எட்டிப் பார்த்த நான், விசைப்பலகையின் வலது ஓரத்தில் தனியாக இருந்த ஒரு பட்டனை லேசாக அழுத்திப் பார்த்தேன். 'பீப்' என்றது. திரை காலி. அதுதான் பிரேக் பட்டன்.

முதுகில் இரண்டு விழுந்தது. ஆண்டு முடியும் வரை அந்த அறைக்குள் நான் போகவில்லை.

சரி, எப்படிப் போவது, என்ன செலவு என்றெல்லாம் வரிசையாக எழுதுவதாகத்தான் உட்கார்ந்தேன். பஸ் தாமதத்தால் அவசரம், அதனால் கேம்பிரிட்ஜ் ஸ்டேஷனில் டாக்ஸி. சுமார் இரண்டரை கிலோமீட்டர் தூரத்துக்கு 14 பவுண்ட். வந்த வழியே திரும்ப வந்து, பார்த்த தேவாலயத்தையே மறுபடி பார்த்தேன். டாக்ஸிக்காரர் சுற்றிக் காட்டுகிறார் என்று புரிந்தது, மீட்டரைக் காட்டிச் சிரித்தார். அந்தக் காசுக்குத் திருநெல்வேலியில் கார் பிடித்தால் கன்னியாகுமரி போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் அரை மணி நேரம்தான், சமதளம். நடங்கள்.

கணினி வரலாற்று மையம் கோல்டம்ஸ் லேன் பக்கம், பட்டறையும் கிடங்கும் இருக்கும் ஒரு சந்துக்கோடியில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் கடை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். உள்ளே நுழைந்ததும் கையில் படுவது விசைப்பலகைதான். மேசை மேசையாகப் பழைய வீட்டுக் கணினிகள், எல்லாம் மின்சாரம் ஓடி உயிரோடு. ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64, ஆம்ஸ்ட்ராட், அட்டாரி. கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்து "தொடாதே" என்று பலகை மாட்டும் அருங்காட்சியகங்கள் இவர்களிடம் வந்து பாடம் கேட்கலாம். உட்காரு, தட்டு, விளையாடு. நான் முதலில் குனிந்து ஷூ லேஸைப் பார்த்தேன், கழற்றணுமோ என்று. அண்ணன் மகன் சிரித்தான்.

முதலில் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் இதே ஊர் சின்கிளேர் நிறுவனம் வெளியிட்டது. 16 கே (கிலோபைட்) நினைவகம் என்றால் 125 பவுண்ட், 48 கே என்றால் 175. என் போனில் ஒரு புகைப்படம் 4 எம்பி. அந்த ஒரு படத்தை வைக்க எண்பதுக்கும் மேல் ஸ்பெக்ட்ரம் வேண்டும். கையில் எடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ் கனம். சாவிகள் ரப்பர். செத்த மீனைத் தொட்ட மாதிரி இருக்கும் என்று ஆங்கிலேயர்கள் கேலி செய்வார்களாம். எனக்கு அழிரப்பரை அழுத்துவது போலத்தான் இருந்தது. ஒவ்வொரு சாவியிலும் நாலைந்து வேலை. விளையாட்டை ஏற்ற 'லோடு' என்று நாலு எழுத்து தட்ட வேண்டாம், 'ஜே'யை ஒரு தடவை அழுத்தினால் முழு வார்த்தையும் வந்துவிடும். அப்புறம் சிம்பல் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு 'பி'யை இரண்டு தடவை, இரட்டை மேற்கோள் குறிக்கு. எண்டர். இந்த மூன்று அசைவும் ஒரு தலைமுறை ஆங்கிலப் பிள்ளைகளின் விரலில் இன்னும் இருக்கிறது. பக்கத்தில் நின்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் விசைப்பலகையைப் பார்க்காமலே செய்தார்.

விளையாட்டுகளை இப்போது மெமரி கார்டிலிருந்து நொடியில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. காசெட்டில் ஏற்றிக் காட்ட முடியுமா என்று அங்கிருந்த தன்னார்வலர் பெரியவரிடம் கேட்டேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. உள்ளே போய் ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேனிக் மைனர், 1983. மாத்யூ ஸ்மித் என்ற பையன் பதினேழு வயதில் தனியாக எழுதிய விளையாட்டு.

காசெட் ஓட ஆரம்பித்ததும் திரையின் விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டை பட்டையாக நகர்ந்தது. கூடவே 'ஈ...' என்று ஒரே சுதியில் ஒரு சத்தம். பிறகு பட்டை மஞ்சளும் நீலமுமாக மெலிந்து துடிக்க, சத்தம் ஆயிரம் சில்வண்டு ஒரு தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஆனது. விளையாட்டு முழுதும் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது, கணினி அதைக் காதால் கேட்டு எழுதிக்கொள்கிறது. மூன்று நிமிடம் போயிருக்கும். திரையில் 'டேப் லோடிங் எரர்'. திரும்ப முதலிலிருந்து.

"இவ்ளோ நேரம் வெயிட் பண்ணி, வரலன்னா?" என்றான் பையன்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, டேப் ரெக்கார்டர் ஹெட் பக்கத்தில் இருக்கும் திருகை ஒரு மயிரிழை திருகினார். சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே, வீணைக்குச் சுதி சேர்ப்பவர் மாதிரி. எங்கள் வீட்டில் பாட்டு 'மந்தமாக' வந்தால் அப்பாவும் இதே திருகைத்தான் திருகுவார். காசெட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றுவதும் எனக்குத் தெரியும் என்று செய்து காட்டினேன். அவர் என் தோளில் தட்டினார். அதுவரை வாடிக்கையாளராக இருந்தவன், அதற்குப் பிறகு பங்காளி.

இரண்டாவது தடவை ஏறிவிட்டது. மொத்தம் இருபது குகைகள். நான் முதல் குகையையே தாண்டவில்லை. அடியில் வரிசையாக நின்று ஆடும் குட்டி மனிதர்கள் என் உயிர்கள். ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் மேலிருந்து ஒரு பெரிய பூட்ஸ் கால் இறங்கி என்னை நசுக்கியது. வெறுப்பேற்றுகிற விளையாட்டு. குதிக்கும்போது ஒரு புள்ளி தவறினாலும் சாவுதான், மன்னிப்பே கிடையாது. பதினேழு வயசுக் குசும்பு. அண்ணன் மகன் மூன்றாவது குகை வரை போய்விட்டு, "ரொம்பக் கஷ்டம், ஆனா இன்னொரு தடவை" என்று மறுபடி உட்கார்ந்தான். அவன் பேச்சு அதற்குப் பிறகு குறைந்துவிட்டது.

எதிர் மூலையில் 1980களின் வகுப்பறையையே அப்படியே போட்டு வைத்திருக்கிறார்கள். மேசை மேல் பிபிசி மைக்ரோக்கள். எனக்கு ஒரு கணம் கை கூசியது. வெளிர் பழுப்புப் பெட்டி, மேல் வரிசையில் சிவப்புச் சாவிகள், வலது ஓரத்தில் அந்தப் பாவி பட்டன். பிபிசி தொலைக்காட்சி நாட்டுக்கே கணினி சொல்லிக் கொடுக்க ஒரு இயந்திரம் தேடியபோது, கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் வாய்ப்பைத் தட்டிச் சென்றது. 1981 டிசம்பரில் வந்தது. 'பி' மாடல் விலை 335 பவுண்ட், சீக்கிரமே 399 ஆனது. ஸ்பெக்ட்ரத்தைப் போல இரண்டு பங்குக்கும் மேல். ஏழை வீட்டில் ஸ்பெக்ட்ரம், பள்ளிக்கூடத்தில் பிபிசி என்றார் பெரியவர். எனக்குப் பள்ளியிலும் கிடைக்கவில்லை என்று என் பிரேக் கதையைச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. ஒரு இயந்திரத்துக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, ஏதாவது நாலு வரி எழுதச் சொன்னார். பேசிக் என்ற நிரல் மொழியில் என் பெயரைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கும் நிரல் எழுதினேன். "இப்போ அதை அழுத்து" என்றார். அழுத்தினேன். அதே பீப். அதே காலித் திரை. ஐம்பது வயதைத் தாண்டியும் முதுகு தானாக விறைத்தது. அவர் குனிந்து மூன்று எழுத்து தட்டினார்: 'ஓல்டு'. எண்டர். அப்புறம் 'லிஸ்ட்'. நான்கு வரியும் முழுசாக வந்து நின்றது.

பிரேக் அழுத்தினால் நிரல் அழிவதில்லையாம். நினைவகத்தில் அப்படியே இருக்கும், 'இல்லை' என்று கணினி நினைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். புதிதாக எதுவும் தட்டுவதற்கு முன் 'ஓல்டு' என்று சொன்னால் திரும்பி வந்துவிடும். இது எங்கள் சாருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் மேல் என்ன தப்பு, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கணும்.

அதே மேசையில் எலைட் என்ற விண்வெளி வியாபார விளையாட்டை விளையாடினேன். 1984இல் இந்த ஊர் ஜீசஸ் கல்லூரியில் படித்த இயன் பெல், டேவிட் பிராபென் என்ற இரண்டு மாணவர்கள் செய்தது. எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், விலைவாசி. இதெல்லாம் 32 கே இயந்திரத்தில் எப்படி? கிரகங்களை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. 'விதை' என்று சில எண்களை வைத்துக் கணக்குப் போட்டு, தேவைப்படும்போது உருவாக்கிக்கொள்கிறது. அதே விதை, அதே கணக்கு, ஆகவே ஒவ்வொரு தடவையும் அதே கிரகம். திரையின் மேல்பகுதி கூர்மையான கறுப்பு வெள்ளை, கீழே கருவிப் பலகை மட்டும் வண்ணம். படம் வரைந்துகொண்டிருக்கும்போதே நடுவில் திரை முறையை மாற்றிவிடும் குறும்பு. ஆரம்பத்தில் கையில் 100 கிரெடிட் கொடுக்கிறார்கள். டாக்ஸிக்காரரிடம் 14 பவுண்ட் இழந்தவனுக்கு அந்த நிலைமை நன்றாகப் புரிந்தது. இருந்த காசுக்கு உணவுப் பொருள் வாங்கிக் கிளம்பி, சுழலும் விண்வெளி நிலையத்தின் சின்ன வாசலுக்குள் நுழையப் பார்த்து மோதினேன். ஆறு தடவை.

மெகாப்ராசசர் என்று பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு ராட்சதச் சுவரும் இருக்கிறது. ஜேம்ஸ் நியூமன் என்பவர் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாகப் பற்றவைத்துச் செய்த ப்ராசசர். ஒவ்வொரு எண்ணும் நகர்வது விளக்காகத் தெரியும். பையன் அதில் டெட்ரிஸ் ஆடினான்.

மதியம் ஊருக்குள் நடந்தோம். மதினி கட்டிக் கொடுத்த புளியோதரையும் பருப்புத் துவையலும் கிங்ஸ் பரேடில் ஒரு சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எல்லாரும் எதிரே கிங்ஸ் கல்லூரியைப் படம் எடுக்க, நான் இந்தப் பக்கம் 6ஆம் எண் கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்கிளேர் நிறுவனத்தின் முதலாளி கிளைவ் சின்கிளேர் அங்கேதான் தொழிலை நடத்தினார். இரண்டு தெரு தள்ளி மார்க்கெட் ஹில்லில் ஏகார்ன். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிறிஸ் கரி, சின்கிளேரிடம் வேலை பார்த்துவிட்டுப் பிரிந்தவர். 1984 கிறிஸ்துமஸ் சமயம், சின்கிளேர் கணினிகள் அடிக்கடி பழுதாகின்றன என்ற தொனியில் ஏகார்ன் விளம்பரம் போட, பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டில் பேரன் ஆஃப் பீஃப் என்ற மதுக்கடையில் சின்கிளேர் செய்தித்தாளைச் சுருட்டி கரியை அடித்தார். சர் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆன மனிதர்! அந்தக் கடை இன்னும் இருக்கிறது. உள்ளே போகவில்லை, பையன் சின்னவன், என் பர்ஸும் சின்னது. ஃபிட்ஸ்பில்லீஸில் செல்சி பன் மட்டும் வாங்கினோம். பாகு விரலில் ஒட்டி வரும், திராட்சை நிறைய. விலை அதிகம்தான், கொடுக்கலாம்.

2024 நவம்பரில் ஸ்பெக்ட்ரத்தைப் புதிதாகச் செய்து விற்பனைக்கு விட்டார்கள், அப்போது விலை 90 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, ரப்பர் சாவி, 48 விளையாட்டு உள்ளேயே. பையன் வாங்கச் சொன்னான். காசெட் போட முடியாத ஸ்பெக்ட்ரம் எனக்கு எதற்கு?

திரும்பும்போதும் அதே மாற்றுப் பேருந்து, அதே ஹீட்டர். வழியில் பள்ளி வாட்ஸப் குழுவில் 'ஓல்டு' விஷயத்தை எழுதிப் போட்டேன், கணினித் திரையின் போட்டோவோடு. எட்டு நிமிடத்தில் ஒருவனிடமிருந்து பதில் வந்தது. அன்றைக்கு எனக்கு அடி விழுந்தபோது சிரித்ததற்காக அவனும் இரண்டு வாங்கியிருந்தான்.

"அது சரிலே, எனக்கு விழுந்ததத் திருப்பி எடுக்க என்ன கமாண்ட்?"