நியூ பிரான்ஸ் தாள்: சொத்துப் பட்டியல் கேள்வியில் புள்ளி எங்கே போகிறது

பெறுபேறு வந்துவிட்டது, ஒருவழியாக நிம்மதி. வட அமெரிக்காவில் இருந்த பிரெஞ்சுக் காலனியான நியூ பிரான்ஸ் பற்றிய இந்தத் தாளை அடுத்த தவணை எடுக்கும் தம்பி, தங்கச்சிமார் செனியூரி முறையை (செனியர் என்ற நிலப்பிரபுவின் கீழ் குடியானவர் நிலம் வைத்திருந்த முறை) பக்கம் பக்கமாகப் பாடமாக்குவதைக் குறையுங்கள். சென் லோரன்ஸ் ஆற்றங்கரைக் குடியானவர் வீட்டில் நொத்தாரிசு எழுதிய சாமான் பட்டியலைத் தந்து விளக்கச் சொல்வார்களே, ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

முதலில் திகதி. சாமான் பிறகு. 1717 வரை காலனியில் லீவ்ருக்கு (அக்காலப் பிரெஞ்சு நாணய அலகு) தனிக் கணக்கு ஓடியது; அதில் 4 லீவ்ர், பிரான்சின் 3 லீவ்ருக்குச் சமம். 1710இல் அந்தக் கணக்கில் 40 லீவ்ர் போட்ட பசுவும் 1730இல் 30 போட்ட பசுவும் ஒரே விலைதான். "விலை சரிந்தது" என்று எழுதினால் அந்தப் பந்தியே வீண்.

மாதத்தையும் பாருங்கள். செனியருக்குரிய வருடக் கட்டணம் நவம்பர் 11இல், புனித மார்ட்டின் நாளில் கட்டுவது. ஆலையில் மாவரைக்கும் கூலி, கொண்டுபோன தானியத்தில் பதினான்கில் ஒரு பங்கு. மே மாதப் பரணில் கோதுமை குறைந்தால் அது வறுமையாகவே இருக்கவேண்டியதில்லை, விதைப்புக்கும் போயிருக்கும்.

காலனியில் நடைமுறையில் இருந்த பாரிஸ் வழக்குச் சட்டப்படி, கணவனோ மனைவியோ இறந்தால் இருவரின் கூட்டுச் சொத்தில் பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. இந்தப் பங்கீட்டுக்கான பட்டியலைப் பலர் மறுமணத்துக்கு முன்தான் எழுதுவித்தார்கள். ஆகவே பட்டியல் காட்டுவது மரண நாளின் வீட்டை அல்ல. இதைத் தொட்டவர்கள் குறைவு, புள்ளியும் அங்கேதான் கிடந்தது.

இனிச் சாமான்கள்:
- பானை தொங்கவிடும் பல் வைத்த இரும்புக் கொக்கி: பட்டியலில் முதலில் வந்தால், அடுப்பங்கரையிலிருந்து எழுதத் தொடங்கியதற்கு அடையாளம்.
- செம்புக் கிடாரம், வெள்ளீயத் தட்டு: எண்ணிக்கையைவிட எடை முக்கியம். ஓட்டையானாலும் உருக்கலாம், அதனால் விலை உண்டு.
- இறகு மெத்தை, கட்டில் திரை: வீட்டுச் சாமானில் பெரும்பாலும் இவைதான் விலை கூடியவை. கட்டிலை "சாதாரணப் பொருள்" என்று தள்ளாதீர்கள்.
- வார்ப்பிரும்பு அடுப்பு: காலனியிலேயே, த்ருவா ரிவியேர் ஊருக்கு அருகே, சென் மொரீஸ் இரும்பு ஊதுலை 1738இல் எரியத் தொடங்கியது. 1690இல் இந்த அடுப்பு இருந்தால் வசதியான வீடு; 1750இல் அவ்வளவு உறுதியாகச் சொல்லமுடியாது.
- மா பிசையும் மரப்பெட்டி, சக்கரம் வைத்த கலப்பை: பெயரோடு விடாமல் வேலையையும் எழுதுங்கள்.

கடைசியாக, பட்டியலில் இல்லாதவை. விலைபோகாத மரக் கிண்ணம், சுவரோடு கட்டிய வெதுப்படுப்பு, கைம்பெண் உடுத்திருந்த உடுப்பு எல்லாம் பெரும்பாலும் விடுபடும். "இல்லை" என்று எழுதவேண்டாம், "மதிப்பிடப்படவில்லை" என்று எழுதுங்கள். பாடமாக்கிப் பழகியவர்களுக்கு இந்த வாசிப்பு எரிச்சல் தரும். பழைய வினாத்தாள்களில் உள்ள பட்டியல்களைப் பேனாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள்.